வியோரிகா டீச்சர் மொழிபெயர்த்த பிரசங்கம்

வியோரிகா கோஸ்மா ஊழியத்துக்கென்று தன்னை ஒப்புக்கொடுத்து அல்பேனியாவுக்கு வந்தவள் என்றுதான் கொர்ச்சா சபையில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் அவள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவள். துரத்தியவர் அவளுடைய சொந்தச் சபையின் மூப்பர், தெயோஃபில் ஹோசு. துரத்தியதோடு நிற்காமல், வழிப்பயணத்துக்கு ஜெபமும் பண்ணி அனுப்பினார். அந்த ஜெபத்தைத்தான் அவளால் பொறுக்கவே முடியவில்லை.

ருமேனியாவின் மேற்கு ஓரத்தில், ஹங்கேரி எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அங்கே பாப்டிஸ்ட் சபை நடத்திய பள்ளியில் பதினோரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. நாற்பதை எட்டப் போகிற வயது. சபையில் யோசிஃப் என்று ஒரு தச்சர், மனைவியைப் பறிகொடுத்தவர். அவருடைய மகளுக்குக் கணக்கு ஏறவில்லை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வைக்கிற சூப்பைக் குடித்துவிட்டு வருவாள். அவ்வளவுதான் விஷயம்.

2001ஆம் வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு போதகருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. வியோரிகாவைப் பற்றியும் தச்சரைப் பற்றியும் வாயால் சொல்லக் கூசுகிற விஷயங்கள் அதில் இருந்தன. ஏழு மூப்பர்கள் உட்கார்ந்திருக்க, அவளை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கடிதத்தை அவள் கையில் கொடுத்தார்கள். கையெழுத்து தெரியக்கூடாது என்று எழுத்துகளைப் பெரிது பெரிதாக, பிரித்துப் பிரித்து எழுதியிருந்தது. மூன்றாவது வரியில் ‘மனச்சாட்சி’ என்ற வார்த்தை ஓர் எழுத்துக் குறைந்து நின்றது. வியோரிகாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. சபையின் மாதப் பத்திரிகையை ஆறு வருஷமாகத் திருத்திக் கொடுப்பவள் அவள்தான். அதில் எழுதுகிறவர்களில் அந்த ஓர் எழுத்தை மாதம் தவறாமல் விழுங்குகிறவர் ஒரே ஒருவர்தான். நிமிர்ந்து பார்த்தாள். ஹோசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மருமகள் அந்த வருஷம்தான் கணக்கில் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தாள். பள்ளியில் கணக்குக்கு இருந்தது ஒரே இடம்.

“இதை எழுதினவர் இந்த ரூம்லதான் இருக்கார்” என்றாள் வியோரிகா.

“பாத்தீங்களா? மனந்திரும்புறதை விட்டுட்டு அடுத்தவங்க மேல பழி போடுறாங்க” என்றார் ஹோசு, ரொம்ப வருத்தமான குரலில்.

திருவிருந்திலிருந்து அவளை விலக்கினார்கள். வேலை போயிற்று. ஜூன் மாதம் மருமகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு கூடை செர்ரிப் பழத்தோடு ஹோசு வியோரிகாவின் வீட்டுக்கு வந்தார்.

“சமாதானம், சகோதரி. அல்பேனியாவில நமக்குக் கூட்டாளிச் சபை ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடம் நடத்துறாங்க, கணக்கு டீச்சர் வேணுமாம். உங்களைப் பத்தி நல்லபடியாவே எழுதிவிடுறேன். இங்க நடந்ததை மூச்சு விட மாட்டேன். போய் அமைதியா இருங்க. பத்து வருஷத்தில ஜனங்க மறந்துடுவாங்க.”

“எனக்கு இரக்கம் காட்டுறீங்களோ?”

“கர்த்தர் காட்டுறார். நான் வெறும் கருவி.”

பிறகு தலைமேல் கையை வைத்து ஜெபம் பண்ணினார். அவர் தெருமுனை திரும்பியதும் வியோரிகா அந்தச் செர்ரிப் பழத்தைப் பக்கத்து வீட்டுப் பன்றிக்குப் போட்டாள். ஆனாலும் செப்டம்பரில் பஸ் ஏறினாள். வேறு போக்கிடம் இல்லை.

கொர்ச்சாவில் பள்ளிக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். விறகு அடுப்பு பாதி சூட்டையும் முழுப் புகையையும் கொடுத்தது. முதல் நாள் எட்டாம் வகுப்பில் ஒரு சமன்பாட்டை எழுதி, பஸ்ஸில் படித்த அரைகுறை அல்பேனிய மொழியில் “புரிஞ்சுதா?” என்று கேட்டாள். பிள்ளைகள் எல்லாரும் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்கள். மறுபடி விளக்கினாள். மறுபடியும் ஆட்டினார்கள். நாலாம் தடவை சொல்லித் தொண்டை கட்டிப்போன பிறகு, தலைமையாசிரியை லெஃப்தெரி சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

“அதுங்க ஆமான்னுதான் சொல்லுதுங்க, டீச்சர். விட்டுடு, பாவம். சாப்பாட்டு மணி அடிச்சு பத்து நிமிஷம் ஆச்சு.”

அந்த ஊர்ப் பேச்சை வியோரிகா வெறி பிடித்தவள் மாதிரி படித்தாள். நாளைக்கு நாற்பது வார்த்தை. ‘என்னை ஊமையாக உட்கார வைக்கலாம் என்றுதானே அனுப்பினாய்?’ என்று ஹோசுவை மனதில் நிறுத்திவைத்துக்கொண்டே படித்தாள். மின்சாரம் போய்ப் போய் வந்த அந்தக் குளிர்காலத்தில், மத்தியான வகுப்புகளை மண்ணெண்ணெய் விளக்கில் நடத்தினாள். இரண்டாம் வருஷம் லாக்ரோர் என்கிற அந்த ஊர் அடுக்கு ரொட்டிக்கு மாவை வேட்டித் துணி போல மெல்லிசாகத் தேய்க்கக் கற்றுக்கொண்டாள். இடையில் வைக்கிற வெங்காயமும் தக்காளியும் மட்டும் எப்போதும் தண்ணீர் விட்டுக்கொண்டன. “அடிப்பக்கம் சொதசொதன்னு இருக்கு, ஆனா பரவால்ல” என்று லெஃப்தெரி ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு இரண்டு துண்டு சாப்பிடுவாள். பெற்றோர்கள் ‘அந்த ருமேனியாக்காரி’ என்று சொல்வதை விட்டு ‘நம்ம டீச்சர்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ருமேனியாவிலிருந்து யார் வந்தாலும், ஆராதனையில் மொழிபெயர்க்க அவளைத்தான் மேடை ஏற்றினார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே எரிந்துகொண்டிருந்தது மட்டும் அணையவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் பள்ளிக் காவல்காரர் சோதிர். விலாஹ் ஜனத்தைச் சேர்ந்தவர், அறுபது தாண்டியவர். மலையில் ஆடு மேய்த்த அந்த ஜனத்தின் பேச்சு ருமேனிய மொழிக்குச் சித்தி மகள் போல. அவர் அவருடைய பேச்சிலும் அவள் அவளுடைய பேச்சிலும் பேசினால் முக்கால்வாசி புரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட்டவர், போகாமல் நின்றார்.

“டீச்சர், பரமண்டல ஜெபத்தில அந்த மன்னிப்பு வரி வந்தா மட்டும் நீ வாயைத் தொறக்கிறதே இல்லையே?”

“நீங்க அதைப் போய்ப் பாத்துக்கிட்டு இருப்பீங்களா, சோதிரண்ணே?”

“நானும் அந்த இடத்தில வாயை மூடிக்குவேன். பக்கத்தில இன்னொரு வாயும் மூடுதே, யாருன்னு பாத்தேன்.”

அவருடைய அண்ணன் வாங்கேல், சாமி கும்பிடுவதே குற்றமாக இருந்த பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், வீட்டுச் சுவரில் மாதா படத்தை ஒளித்துவைத்திருந்ததாக யாரோ எழுதிக் கொடுத்து, எட்டு வருஷம் சுரங்கச் சிறையில் கிடந்தவர். நெஞ்சு முழுக்கத் தூசியோடு திரும்பி வந்து இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

“எழுதினது யாருன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? கோச்சோ. மூணாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். கேட்டா இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவான். இருபத்தாறு வருஷமா அவன் வாயாலேயே கேட்கணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்.”

அன்றைக்கு வியோரிகா தன் கதையையும் சொன்னாள். முதல் தடவையாக, ஒருவரிடம், முழுசாக. சோதிர் கேட்டுவிட்டு, “அவன் இந்தப் பக்கம் வருவானா?” என்று மட்டும் கேட்டார்.

வந்தார். 2004 மே மாதம், வேன் நிறைய வகுப்பறை பெஞ்சுகளோடு, மிஷன் குழுவின் தலைவராக. இறங்கியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வியோரிகாவிடம் வந்தார்.

“சமாதானம், சகோதரி! முகமெல்லாம் தெளிஞ்சிருக்கு. பாத்தீங்களா, தீமையை நன்மையா மாத்திட்டார். என் மருமக உங்களுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னா. இப்ப அவதான் தலைமையாசிரியை.”

“அப்படியா? ரொம்ப நல்லது” என்றாள் வியோரிகா.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. வியோரிகா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஹோசுவின் இடதுபக்கம் நின்றாள். அவர் இரண்டு மூன்று வாக்கியம் சொல்வார், நிறுத்துவார், அவள் சொல்வாள். முதல் கால் மணி நேரம் ஒரு சொல் கூடக் குறையாமல் சொன்னாள். சத்தியமாக அவளிடம் அப்போது எந்தத் திட்டமும் இல்லை. கண்ணியமாக மொழிபெயர்த்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள்.

அப்போது ஹோசு தன் சாட்சியைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் ஊர்ச் சபையில் எல்லாரும் பத்துத் தடவையாவது கேட்டிருந்த கம்யூனிஸ்ட் காலத்துச் சாட்சி அது.

“அந்த நாள்ல போலீஸ் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். என் முன்னால ஒரு தாளை வச்சார். உன் சபைச் சகோதரனைப் பத்தி எழுதுன்னு பேனாவை நீட்டினார்.”

அவள் அதை அப்படியே சொன்னாள்.

“நான் அந்தப் பேனாவை வாங்கலை” என்றார் ஹோசு. குரல் தழுதழுத்தது.

வியோரிகா மூச்சை இழுத்துவிட்டாள். “நான் அந்தப் பேனாவை வாங்கினேன்” என்றாள் அல்பேனிய மொழியில்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. பின்வரிசையில் சுவரில் சாய்ந்து நின்ற சோதிர் மட்டும் நிமிர்ந்தார்.

“அடுத்தவன் பேரைக் கெடுக்கிறதுக்கு என் கை உதவாதுன்னு சொன்னேன்!” என்றார் ஹோசு.

“அன்றைக்குப் பேனாவை வாங்கியும் எழுதாமல் வந்தவன், அந்தக் காலமெல்லாம் போன பிறகு, யாரும் கேட்காமலே எழுதினேன். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை. அவளைப் பற்றி, பேர் போடாமல், ஒரு மொட்டைக் கடிதம்” என்றாள் வியோரிகா.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் சரியான இடத்தில் வந்துவிடும் அவருக்கு. அவர் சிறைவாசல் பற்றிச் சொன்னபோது அவள் தபால்பெட்டி பற்றிச் சொன்னாள். அவர் தன் மனைவியின் பயத்தைச் சொன்னபோது, அந்த ஆசிரியையின் நாற்காலியைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டதை அவள் சொன்னாள். அவர் மூன்று வாக்கியம் பேசினால் அவளும் மூன்றே வாக்கியம்தான் பேசினாள். அவர் நெஞ்சில் கை வைத்தால் அதற்குப் பொருத்தமான வரியைப் போட்டாள். கூட்டத்தில் தலைகள் இடமும் வலமுமாக ஆடின. ஹோசு மிரண்டுபோய் அவள் பக்கம் சாய்ந்தார்.

“என்ன, நம்ப மாட்டேங்கிறாங்களா?”

“நல்லா நம்புறாங்க. இன்னும் கொஞ்சம் உருக்கமா சொல்லுங்க.”

அவர் உருக்கமாகச் சொன்னார். கைகளை மேலே தூக்கி, “கர்த்தர் என்னைத் தாங்கினார்!” என்று கதறினார். “அவளிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கோழை” என்று அவள் முடித்தாள்.

பிரசங்கம் முடிந்ததும் யாரும் எழவில்லை. வியோரிகா எதிர்பார்த்தது முகச்சுளிப்பு, முணுமுணுப்பு, அருவருப்பு. நடந்தது வேறு. லெஃப்தெரி அழுதுகொண்டே முன்னால் வந்து ஹோசுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பெண்கள் வரிசையாக வந்து அவருக்குக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார்கள். ஒருத்தி வீட்டுக்கு ஓடிப் போய்ச் சர்க்கரைப் பாகில் ஊறின அத்திப்பழ ஜாடியைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். இப்படி வெளிப்படையாக ஒத்துக்கொண்ட மனுஷனை இந்த ஊர் பார்த்ததே இல்லை என்றார்கள். ஹோசு பெருமையில் பூரித்துப்போய் நின்றார். வியோரிகா அந்த ஜாடியையே முறைத்தாள். அவமானப்படுத்த நினைத்தவனுக்குத் தன் வாயாலேயே மாலை போட்டிருக்கிறாள்!

அந்த நேரம் மூன்றாவது பெஞ்சில், ஜன்னல் ஓரத்தில், கோச்சோ எழுந்தார். எழுபது வயது. சர்க்கரை ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டிருந்தார்.

“வெளிநாட்டு மனுஷன், தெரியாத ஊர்ல வந்து சொல்றாரு. நான் எழுதலைன்னு இத்தனை வருஷமா சொன்னேன். நான்தான் எழுதினேன். வாங்கேல் வீட்டுச் சுவத்தில படம் இருக்குன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். ஆலையில எனக்கு மேஸ்திரி வேலை கிடைச்சுது.”

ஹாலில் எல்லாரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். சோதிர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

“என்ன சொல்றார் அந்தப் பெரியவர்?” என்று ஹோசு கேட்டார்.

“அவரும் ஒரு காலத்தில எழுதினாராம்” என்றாள் வியோரிகா. ‘அவரும்’ என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். அது அவருக்கு எட்டவில்லை.

“ஸ்தோத்திரம்! என் வார்த்தை அவரை அசைச்சிருக்கு.”

மறுநாள் காலை வேன் புறப்படும்போது வியோரிகா காப்பித் தட்டோடு போய் நின்றாள். ஹோசு அத்திப்பழ ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இந்த மாதிரி அன்பை நான் எங்கேயும் பாத்ததில்லை, சகோதரி.”

“நீங்க மொட்டைக் கடிதத்தை ஒத்துக்கிட்டதுக்காகத்தான் அந்த அன்பு.”

“எந்தக் கடிதம்?”

“என்னைப் பத்தி எழுதினீங்களே, அது. பேனாவை வாங்கினேன், எழுதித் தபால்பெட்டியில போட்டேன்னு நேத்து மேடையில நீங்கதானே சொன்னீங்க? அழுதுக்கிட்டே சொன்னீங்க. முன்னூறு பேர் கேட்டாங்க.”

அவர் முகத்திலிருந்து நிறம் வடிவதை அவள் அவசரமில்லாமல் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பார்க்க விரும்பிய முகம்.

“நீ... மேடையில நின்னு பொய்யா சொன்னே?”

“மொழிபெயர்ப்புதான் பொய். விஷயம் நிஜம். காப்பி ஆறுது, குடிங்க.”

“உன்னைச் சும்மா விட மாட்டேன்.”

“விடாதீங்க. எல்லாருக்கும் எழுதிப் போடுங்க. உங்களுக்கு எழுதவா தெரியாது?”

அவர் எழுதித்தான் போட்டார். கொர்ச்சாவுக்கு ஒன்று, சொந்த ஊர்ப் போதகருக்கு ஒன்று. ஜூன் கடைசியில் லெஃப்தெரி வியோரிகாவையும் சோதிரையும் அலுவலறைக்குக் கூப்பிட்டாள்.

“சோதிர், உனக்கு அந்தப் பேச்சு புரியும். டீச்சர் சரியா மொழிபெயர்த்தாளா?”

“வார்த்தைக்கு வார்த்தை” என்றார் சோதிர், கண் இமைக்காமல்.

லெஃப்தெரி அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“சோதிர் பொய் சொல்றான்னு எனக்குத் தெரியும். நீ சொல்லு. அந்த ஆள் கடிதம் எழுதினானா?”

“எழுதினான்.”

“மேடையில ஒத்துக்கிட்டானா?”

“இல்லை.”

லெஃப்தெரி ஹோசுவின் கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டாள். “நான் அந்த ஆளோட கையைப் பிடிச்சு அழுதேன்டி. என்னையும் சேத்து முட்டாளாக்கிட்டே. இனிமே நீ மேடை ஏறக் கூடாது. யாருக்கும் மொழிபெயர்க்கக் கூடாது. கணக்கு மட்டும் சொல்லிக் குடு.” அப்புறம், கதவைத் திறந்துகொண்டே, “என் வேலைக்கு ஒருத்தன் இப்படிப் பண்ணியிருந்தா நான் காப்பியில எதையாவது கலந்திருப்பேன்” என்றாள்.

ஊர்ப் போதகருக்குப் போன கடிதம்தான் ஹோசுவின் காலை வாரியது. வியோரிகா மேடையில், கடிதத்தைத் தபாலில் போட்டதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது. ஹோசு கோபத்தில் இப்படி எழுதினார்: ‘இவள் பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. அந்தக் கடிதம் தபாலில் வரவே இல்லை. போதகருடைய பாட்டுப் புத்தகத்துக்குள்தான் வைக்கப்பட்டிருந்தது.’ போதகர் அதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சபைக்குள் இருக்கிற ஒருவரே வைத்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, தபாலில் வந்ததாக மூப்பர்களிடம்கூடச் சொல்லியிருந்தவர் அவர். பாட்டுப் புத்தக விஷயம் அவருக்கும், வைத்த கைக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆகஸ்டில் போதகர் வியோரிகாவுக்கு எழுதினார். தண்டனை நீக்கப்பட்டது, ஹோசு மூப்பர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார், பழைய இடத்துக்கே நீங்கள் வரலாம், எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவள் இரண்டே வரியில் பதில் போட்டாள். வர மாட்டேன். இந்த மன்னிப்பை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சபை முழுக்க இருக்கும்போது, ஹோசுவை முதல் பெஞ்சில் உட்காரவைத்து வாசிக்க வேண்டும்.

இதற்கிடையில் கோச்சோ மூன்று ஞாயிற்றுக்கிழமை சோதிரின் வீட்டு வாசலில் வந்து நின்று, கதவு திறக்காமல் திரும்பிப் போனார். நாலாவது வாரம் சோதிர் திறந்தார். முற்றத்தில் உட்காரவைத்து, எந்தத் தேதியில், எந்த மேஜையில், என்ன வார்த்தை போட்டு எழுதினான் என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லவைத்தார்.

“மன்னிச்சிட்டீங்களா?” என்று வியோரிகா கேட்டாள்.

“மன்னிக்கிறதா! வாரா வாரம் வந்து மறுபடியும் சொல்லச் சொல்லியிருக்கேன். வர்றான்.”

அக்டோபரில், பள்ளி மரங்களெல்லாம் இலை உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், யோசிஃப் தச்சரிடமிருந்து கடிதம் வந்தது. வியோரிகா அதைக் கொண்டுபோய்ப் பள்ளிச் சமையலறை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, சோதிருக்கு ருமேனிய மொழியிலேயே வாசித்துக் காட்டினாள். புரியாத இடத்தில் மட்டும் நிறுத்திச் சொன்னாள். போதகர் மன்னிப்பை வாசித்தாராம். அவள் பெயரை முழுசாகச் சொன்னாராம். ஹோசு முதல் பெஞ்சில், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, தரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். மருமகள் வரவில்லையாம். வாசித்து முடித்ததும் ஹோசு வேகமாக எழுந்தபோது தொப்பி விழுந்து பெஞ்சுக்கு அடியில் உருண்டு போயிற்றாம். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லையாம். அவரே மண்டிபோட்டுக் கையை உள்ளே விட்டுத் துழாவினாராம். ‘இப்பத்தான் ஐயா நிஜமா முழங்கால் போடுறார்’ என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிக்கக் கூடாத இடத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்களாம்.

வியோரிகா கடிதத்தை மடித்தாள். கன்னம் சிவந்திருந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

சோதிர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அந்தத் தொப்பி இடத்தை இன்னொரு தடவை வாசி, டீச்சர். மெதுவா வாசி.”